கூட்டுச் சேரும் மருந்துகள்

ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கிறது. புதிய வகுப்பு, புதிய புத்தகங்கள், காலாண்டுத் தேர்வு, தீபாவளி என்று நாட்கள் ஓடுகின்றன. திரும்பிப் பார்த்தால் ஏறக்குறைய ஐந்து மாதங்கள் கடந்திருக்கும். உங்களுக்கு அது கண்மூடித் திறக்கும் நேரம். 2004-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வெளிவந்த கட்டுரை ஒன்று, ஏறத்தாழ இவ்வளவு காலத்தைப் பற்றித்தான் பேசியது. அதைப் படித்த புற்றுநோய் மருத்துவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

செய்தி இதுதான். பெருங்குடலிலோ மலக்குடலிலோ தோன்றி, உடலின் பிற உறுப்புகளுக்கும் பரவிவிட்ட புற்றுநோயால் துன்புற்ற 813 பேர் அந்த ஆய்வில் சேர்ந்திருந்தார்கள். 411 பேருக்கு அக்காலத்தில் வழக்கிலிருந்த மருந்துகளும், கூடவே மருந்துச் சத்தே இல்லாத போலி மருந்தும் தரப்பட்டன. மற்ற 402 பேருக்கு அதே வழக்கமான மருந்துகளோடு பெவாசிசுமாப் என்ற புதிய மருந்து சேர்க்கப்பட்டது. யாருக்கு எது போகிறது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருந்து கொடுத்த மருத்துவருக்கும் தெரியாது. முடிவில் கணக்குப் பார்த்தபோது முதற் பிரிவினரின் நடு ஆயுட்காலம் 15.6 மாதங்கள், இரண்டாம் பிரிவினரின் நடு ஆயுட்காலம் 20.3 மாதங்கள். வித்தியாசம் 4.7 மாதங்கள்.

'இவ்வளவுதானா?' என்று கேட்கத் தோன்றுகிறதா? கேட்பது நியாயமே. ஆனால் 'நடு ஆயுட்காலம்' என்றால் என்ன என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து குறைந்த காலம் வாழ்ந்தவர் முதல் அதிக காலம் வாழ்ந்தவர் வரை அனைவரையும் வரிசையாக நிறுத்துங்கள். சரியாக நடுவில் நிற்பவர் எத்தனை மாதம் வாழ்ந்தாரோ அதுதான் நடு ஆயுட்காலம். கணக்குப் பாடத்தில் இடைநிலை என்று படிக்கிறீர்களே, அதே அளவுதான். பாதிப் பேர் அதைவிடக் கூடுதலாக வாழ்ந்தார்கள். வரிசையின் கடைசியில் நிற்பவர்கள் பல மடங்கு கூடுதலாகவே வாழ்ந்திருப்பார்கள். ஆகவே 20.3 என்பது யாருக்கும் விதிக்கப்பட்ட கெடு ஆகாது. அந்த எண்ணைக் கேட்டு மனம் உடைந்துபோகும் குடும்பங்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சரி, பழைய மருந்துகளோடு புதிய மருந்தை ஏன் கூட்டுச் சேர்த்தார்கள்? புதியது நல்லதென்றால் அதை மட்டுமே கொடுத்தால் என்ன? இதைப் புரிந்துகொள்ள இரண்டு வகை மருந்துகளையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

பெருகும் செல்களைக் கொல்லும் மருந்து

நம் பெருங்குடலின் நீளம் சுமார் ஒன்றரை மீட்டர். அதன் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து, புதியவை தோன்றிக்கொண்டே இருக்கின்றன. இப்படி ஓயாமல் செல்கள் பிரியும் இடத்தில் ஜீன்களில் பிழைகள் சேர வாய்ப்பு அதிகம். பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரச் சேர, முதலில் சிறு மொட்டுப்போல ஒரு வளர்ச்சி தோன்றும். அது புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்குக் குறையாமல் ஆகும். குடலிலிருந்து திரும்பும் இரத்தம் நேரே கல்லீரலுக்குச் செல்வதால், கட்டியிலிருந்து பிரிந்த செல்கள் பெரும்பாலும் முதலில் அங்கேதான் குடியேறுகின்றன. அப்படிப் பரவிய பிறகு, அறுவை செய்து எல்லாவற்றையும் எடுத்துவிடுவது சிலருக்கே முடியும். மற்றவர்களுக்கு உடல் முழுவதும் சென்று தாக்கும் மருந்துதான் வழி.

அவ்வகை மருந்துகளில் மூத்தது ஃபுளூரோயுராசில். 1957-ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் ஹைடல்பெர்கர் குழுவினர் இதை அறிமுகப்படுத்தினார்கள். இது உருவான விதம் வேதியியல் படிக்கும் உங்களுக்கு இனிக்கும். எலியின் கல்லீரல் கட்டிகள், சாதாரணத் திசுக்களைவிட அதிகமாக யுராசில் என்ற பொருளை இழுத்துக்கொள்வதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருந்தார்கள். 'விரும்பி உண்ணும் பண்டத்திலேயே நஞ்சைக் கலந்து வைத்தால் என்ன?' என்று ஹைடல்பெர்கர் நினைத்தார். யுராசில் மூலக்கூறின் ஐந்தாம் இடத்தில் இருக்கும் ஹைட்ரஜன் அணுவை எடுத்துவிட்டு, அங்கே ஃபுளூரின் அணுவை உட்கார வைத்தார்.

அதனால் என்ன ஆயிற்று? டி.என்.ஏ. கட்டுவதற்குத் தைமின் வேண்டும். செல் அதைத் தயாரிக்கும் வழி, யுராசிலின் அதே ஐந்தாம் இடத்தில் ஒரு மீதைல் தொகுதியைச் சேர்ப்பதுதான். அதற்கென ஒரு நொதி இருக்கிறது. அந்த நொதி ஃபுளூரோயுராசிலிலிருந்து உண்டான போலி மூலக்கூறைப் பிடித்துக்கொள்கிறது. ஹைட்ரஜனை எளிதில் கழற்றுவதுபோல ஃபுளூரினைக் கழற்ற முடியாமல், மேலே போகவும் வழியின்றிப் பின்னே வரவும் வழியின்றி அப்படியே சிக்கிக்கொள்கிறது. தைமின் இல்லை, டி.என்.ஏ. இல்லை, செல் பிரிய முயலும்போது மடிகிறது. லூகோவோரின் என்ற துணைப் பொருளைச் சேர்த்துக் கொடுத்தால் இந்தப் பிடி இன்னும் இறுகுகிறது. இரத்தத்தில் ஃபுளூரோயுராசில் சில நிமிடங்களுக்குமேல் தங்குவதில்லை. ஆகையால் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை, சிறு பம்பு ஒன்றின் மூலம் 46 மணி நேரம் சொட்டுச் சொட்டாகச் செலுத்துகிறார்கள்.

இதற்குத் துணையாகப் பின்னாளில் இரண்டு மருந்துகள் வந்தன. ஒன்று ஆக்சாலிபிளாட்டின், 1976-இல் ஜப்பானின் நகோயாவில் கிடானி என்ற விஞ்ஞானி தயாரித்த பிளாட்டினச் சேர்மம். இது டி.என்.ஏ. இழைகளை முடிச்சுப் போட்டுவிடுகிறது. மற்றொன்று இரினோடிகான். இதன் வரலாற்றில் நம் மண்ணின் தொடர்பும் உண்டு. சீனாவில் வளரும் ஒரு மரத்திலிருந்து கேம்ப்டோதெசின் என்ற பொருளை மன்ரோ வால், மன்சுக் வானி ஆகிய இருவரும் 1966-இல் பிரித்துக் காட்டினார்கள். வானி மகாராஷ்டிர மாநிலத்து நந்துர்பாரில் பிறந்தவர். அதே பொருள் நமது மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மாப்பியா ஃபீட்டிடா என்ற சிறுமரத்திலும் இருப்பதை 1972-இல் வெளியிட்டவர்கள் டி.ஆர். கோவிந்தாச்சாரியும் விசுவநாதனும். கோவிந்தாச்சாரி சென்னை மாநிலக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். கேம்ப்டோதெசினைச் சற்றே மாற்றி அமைத்துப் பெறப்பட்டதுதான் இரினோடிகான். முறுக்கேறிய டி.என்.ஏ. இழையை வெட்டி, முறுக்கை அவிழ்த்து, மீண்டும் ஒட்டும் நொதி ஒன்று உண்டு. வெட்டியபின் ஒட்டவிடாமல் அதை இம்மருந்து தடுத்து நிறுத்துகிறது.

இவை மூன்றும் வெவ்வேறு விதமாக வேலை செய்தாலும் ஒரே குறையைக் கொண்டவை. 'வேகமாகப் பிரியும் செல்' என்பதே அவற்றுக்குத் தெரிந்த அடையாளம். நம் வாயின் உட்தோல், குடலின் உட்சுவர், இரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஞை, மயிர்க்கால் யாவும் வேகமாகப் பிரிபவையே. வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, வெள்ளணுக் குறைவு, முடி உதிர்தல் எல்லாம் அதனால் வருபவை. ஆக்சாலிபிளாட்டின் நரம்புகளையும் தொந்தரவு செய்யும். குளிர்ந்த நீரில் கை வைத்தாலே ஊசி குத்துவதுபோல இருக்கும். ஆகையால் மருந்தின் அளவை இஷ்டம்போலக் கூட்ட முடியாது. கட்டி சாகும் முன் நோயாளி தளர்ந்துவிடுவார்.

வாய்க்காலை அடைத்தல்

வேறு அடையாளம் தேட வேண்டும் அல்லவா? 1971-இல் பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் ஒரு கருத்தை வெளியிட்டார். ஒரு கட்டிக்கும் உயிர்வாயுவும் உணவும் வேண்டும்; புதிய இரத்தக் குழாய்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளாமல் அது ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குமேல் வளர முடியாது; ஆகவே குழாய்களைத் தடுத்தால் கட்டி பட்டினி கிடக்கும் என்றார். நெடுநாள் பலர் இதை நம்பவில்லை. கட்டி அனுப்பும் 'குழாய் வளர்க' என்ற செய்தியை ஏந்திச் செல்லும் முக்கியப் புரதத்தை 1989-இல் நெப்போலியோன் ஃபெராரா பிரித்தெடுத்தார். அப்புரதத்தை வழியிலேயே மடக்கிப் பிடிக்கும் எதிர்ப்பொருள்தான் பெவாசிசுமாப்.

எதிர்ப்பொருள் என்பது நோய்க்கிருமிகளைப் பிடிக்க நம் உடல் செய்யும் புரதம். ஒரே ஓர் இலக்கை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருளைச் சோதனைச் சாலையில் வேண்டிய அளவு செய்யும் வித்தையை 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் கண்டுபிடித்தார்கள். 1984-இல் நோபல் பரிசு பெற்றார்கள். மருந்தின் பெயர் 'மாப்' என்று முடிந்தால் அது இவ்வகையைச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது பழைய கேள்விக்கு வருவோம். பெவாசிசுமாபை மட்டும் தனியாகக் கொடுத்தால் இந்த நோயில் பெரிய பயன் இல்லை. பழைய மருந்துகளோடு சேர்ந்தால் பலன் தெரிகிறது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, கவனித்தீர்களா? குழாய்களை அடைத்துவிட்டால் மற்ற மருந்துகள் கட்டிக்குள் எப்படிப் போகும்? வாய்க்காலை அடைத்துவிட்டு வயலுக்கு உரம் கரைத்து விடுவதுபோல அல்லவா இருக்கிறது? ஹார்வர்டில் பணியாற்றும் ராகேஷ் ஜெயின் 2001-இல் இதற்கு ஒரு விளக்கம் கூறினார். கட்டிக்குள் இருக்கும் குழாய்கள் ஒழுங்கற்றவை. கோணல் மாணலாகப் பின்னிக்கிடந்து, வழியெங்கும் ஒழுகுபவை. ஒழுகிய நீர் சுற்றிலும் தேங்கி அழுத்தத்தை உண்டாக்குவதால், மருந்து கட்டியின் உள்ளே போக முடியாமல் நின்றுவிடுகிறது. எதிர்ப்பொருள் செலுத்தியதும் மோசமான குழாய்கள் மடிந்து, மிஞ்சியவை சிறிது காலத்துக்கு ஒழுங்கடைகின்றன. அந்த இடைவெளியில் கீமோதெரபி மருந்து நன்றாக உள்ளே செல்கிறது. இது முழு விளக்கம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் தடுப்பதால் வழி திறக்கிறது என்பது எவ்வளவு அழகான சிந்தனை!

குறிபார்த்துத் தாக்குவதால் தீங்கே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். நல்ல உறுப்புகளுக்கும் அந்தப் புரதம் வேண்டும். இரத்த அழுத்தம் ஏறலாம்; காயம் ஆறத் தாமதமாகலாம்; அபூர்வமாகக் குடலில் துளை விழுவதும் உண்டு. அறுவை சிகிச்சைக்கும் இம்மருந்துக்கும் இடையே குறைந்தது 28 நாட்கள் விடவேண்டும் என்பது விதி.

பொத்தானும் கம்பியும்

மற்றொரு குறி, செல்லின் மேற்பரப்பிலேயே இருக்கிறது. 'பிரிந்து பெருகு' என்ற செய்தியை வாங்கிக்கொள்ளும் ஏற்பி அது. வளர்ச்சிக் காரணிகளைக் கண்டறிந்ததற்காக ஸ்டான்லி கோஹன், ரீட்டா லெவி-மோன்டால்சினி இருவருக்கும் 1986-இல் நோபல் பரிசு கிடைத்தது; இந்த ஏற்பியைத் தட்டி எழுப்பும் காரணி கோஹன் கண்டது. ஏற்பியை மூடிவிடும் எதிர்ப்பொருள் செடுக்சிமாப்.

2004-இல் வெளியான ஓர் ஆய்வில், இரினோடிகானுக்குக் கட்டுப்படாமல் நோய் முற்றிக்கொண்டே போன 329 பேரை எடுத்துக்கொண்டார்கள். செடுக்சிமாப் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 10.8 பேருக்குக் கட்டி நன்கு சுருங்கியது. தோற்றுப்போன அதே இரினோடிகானையும் சேர்த்துக் கொடுத்தபோது நூற்றுக்கு 22.9 பேருக்குச் சுருங்கியது! கைவிடப்பட்ட மருந்து, நல்ல துணை கிடைத்ததும் மீண்டும் எழுந்து நின்றது.

ஆனால் மீதிப் பேர்? முகமெல்லாம் முகப்பருபோலக் கொப்புளங்கள், தோல் வெடிப்பு, பெருஞ்செலவு எல்லாவற்றையும் தாங்கியும் அவர்களுக்குப் பயன் கிட்டவில்லை. ஏன்?

உங்கள் வீட்டு வாசலில் உள்ள அழைப்பு மணியை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே பொத்தான், சுவருக்குள் கம்பி, உள்ளே மணி. யாரும் பொத்தானை அழுத்தாதபடி அதன்மேல் மூடி போட்டுவிட்டால் மணி ஒலிக்காது. ஆனால் சுவருக்குள் கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தால்? மூடி போட்டும் மணி அடித்துக்கொண்டே இருக்கும். ஏற்பிதான் பொத்தான், செடுக்சிமாப்தான் மூடி. உள்ளே செய்தியைக் கடத்தும் கம்பிகளில் ஒன்று கே-ராஸ் என்ற புரதம். அதன் ஜீனில் திடீர்மாற்றம் ஏற்பட்டால், அது 'பெருகு, பெருகு' என்று தானாகவே கத்திக்கொண்டிருக்கும். இந்நோயாளிகளில் நூற்றுக்குச் சுமார் 40 பேரின் கட்டிகளில் இந்த மாற்றம் காணப்படுகிறது.

இது உறுதிப்பட்ட விதம் கவனிக்கத்தக்கது. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த ஓர் ஆய்வு முடிந்தபிறகு, மெழுகில் பதித்துச் சேமித்து வைத்திருந்த கட்டித் துணுக்குகளை எடுத்து 394 பேரின் ஜீனைப் பரிசோதித்தார்கள். 2008-இல் முடிவு வெளியாயிற்று. எல்லா மருந்துகளும் தோற்ற நிலையில் இருந்தவர்கள் அவர்கள். கே-ராஸ் சரியாக இருந்தவர்களில் செடுக்சிமாப் பெற்றோரின் நடு ஆயுட்காலம் 9.5 மாதங்கள், பெறாதோருக்கு 4.8. கே-ராஸ் மாறியிருந்தவர்களில் பெற்றோருக்கு 4.5, பெறாதோருக்கு 4.6. இந்த நான்கு எண்களையும் இன்னொரு முறை படியுங்கள். ஒரு கூட்டத்துக்கு வாழ்நாள் இரட்டிப்பு. மறு கூட்டத்துக்கு ஒன்றுமே இல்லை. இருவரையும் கலந்து சராசரி பார்த்தால் இந்த உண்மை மறைந்துவிடும்.

அதன்பின் சோதனை செய்யாமல் இம்மருந்தைக் கொடுப்பதில்லை என்பது வழக்கமாயிற்று. உறவுப் புரதமான என்-ராஸையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று 2013-இல் தெரியவந்தது. கட்டி குடலின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதுகூட முக்கியம். இடப்பக்கக் கட்டிகளுக்கே இந்த எதிர்ப்பொருள் நன்றாகப் பலிக்கிறது. ஜப்பானில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், ராஸ் மாறாத இடப்பக்க நோயாளிகளுக்கு ஆக்சாலிபிளாட்டின் கலவையோடு பானிடுமுமாப் (செடுக்சிமாபின் தம்பி) தந்தபோது நடு ஆயுட்காலம் 37.9 மாதங்கள், அதே கலவையோடு பெவாசிசுமாப் தந்தபோது 34.3. கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த 15.6-ஐ நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஆட்களும் மருந்துகளும் வேறாதலால் நேராக ஒப்பிடக் கூடாது. எனினும் இருபதாண்டு உழைப்பு எத்திசையில் போயிற்று என்பது விளங்கும்.

அதிகம் என்றால் நல்லதா?

ஒன்று சேர்த்தால் நன்மை. இரண்டையும் சேர்த்தால் இரட்டிப்பு நன்மை தானே? நெதர்லாந்து மருத்துவர்கள் 755 பேரிடம் இதைச் சோதித்தார்கள். கீமோதெரபியும் பெவாசிசுமாபும் பெற்றவர்களின் நோய் 10.7 மாதங்கள் கட்டுக்குள் இருந்தது. அத்துடன் செடுக்சிமாபையும் சேர்த்தபோது அது 9.4 மாதங்களாகக் குறைந்தது! 2009-இல் வந்த இம்முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. காகிதத்தில் போடும் கணக்கு உடலுக்குள் செல்லுபடியாகும் என்று யாரும் உறுதி தர முடியாது. அதனால்தான் ஒவ்வொரு கூட்டையும் நோயாளிகளின் சம்மதத்தோடு சோதித்தே தீரவேண்டியிருக்கிறது.

இன்னொரு புதிரும் உண்டு. கே-ராஸுக்கு அடுத்த கம்பியான பி-ராஃப், நூற்றுக்கு எட்டு முதல் பத்துப் பேரிடம் மாறியிருக்கும். அவர்கள் நோய் மிகக் கொடியது. தோலில் வரும் மெலனோமாப் புற்றுநோயில் பி-ராஃபை அடைக்கும் மாத்திரை அற்புதமாக வேலை செய்தது. குடலிலோ ஏறக்குறைய ஒன்றும் நடக்கவில்லை. 2012-இல் ஆம்ஸ்டர்டாமில் ரெனே பெர்னார்ட்ஸ் குழுவினர் காரணத்தைக் கண்டார்கள். கம்பியை அடைத்ததும் குடல் செல் வாசற்பொத்தானை இன்னும் பலமாக அழுத்துகிறது. மெலனோமாச் செல்லில் அந்தப் பொத்தான் குறைவு. அப்படியானால் இரண்டையும் ஒருசேர அடைக்க வேண்டியதுதான்! என்கோராஃபெனிப் மாத்திரையும் செடுக்சிமாபும் சேர்ந்து 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. 2025-இல் வெளியான ஆய்வில் இவற்றோடு கீமோதெரபியையும் முதலிலிருந்தே கூட்டியபோது நடு ஆயுட்காலம் 30.3 மாதங்களாயிற்று, இவை இல்லாத வழக்கமான சிகிச்சையில் அது 15.1.

இவ்வளவுக்குப் பின்னும் பெரும்பாலோரிடம் நோய் ஒருநாள் திரும்பவே செய்கிறது. 2012-இல், கே-ராஸ் சரியாக இருந்து பானிடுமுமாப் பெற்ற 24 பேரின் இரத்தத்தை அடிக்கடி எடுத்துப் பார்த்தார்கள். 9 பேரின் இரத்தத்தில் ஐந்தாறு மாதங்களில் கே-ராஸ் மாறிய டி.என்.ஏ. தலைகாட்டியது. கட்டிக்குள் முன்பே ஒளிந்திருந்த ஒரு சில செல்கள், மற்றவை மடிந்த இடத்தில் பெருகிவிட்டன. டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வு, ஒரு மனிதரின் உடலுக்குள்ளேயே நடந்தேறியிருக்கிறது.

தேர்வு ஒரு பக்கமாகவே நடக்கும் என்பதில்லையே. மருந்தை நிறுத்தினால் மாறிய செல்களுக்கு இருந்த சலுகை போய்விடுகிறது. சில மாதங்களில் அவற்றின் எண்ணிக்கை தேய்கிறது. இத்தாலிய மருத்துவர்கள் இதையே பயன்படுத்தினார்கள். முன்பு இவ்வகை எதிர்ப்பொருளால் பயனடைந்து, பிறகு அதற்குக் கட்டுப்படாமல் போன 52 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். மாறிய டி.என்.ஏ. தென்படாதவர்களில் 27 பேருக்கு மட்டும் பானிடுமுமாபை மறுபடி கொடுத்தார்கள். 8 பேருக்குக் கட்டி மீண்டும் சுருங்கியது. 2022-இல் வெளியான அந்த முடிவைப் பின்பற்றி, ஒரு குழாய் இரத்தத்தைக்கொண்டு அடுத்த மருந்தைத் தேர்வு செய்யும் ஆய்வுகள் இப்போது பல நாடுகளில் நடந்துவருகின்றன.